நாலு முயல், ஆறு உறவு: முயல் கூட்டத்தைச் சேர்த்து வைப்பது எப்படி

முயலுக்குத் துணை வேண்டும் என்பது உண்மைதான். நாம் வளர்க்கும் முயல்கள் எல்லாமே ஐரோப்பியக் காட்டு முயலின் வழி வந்தவை. அது வளை தோண்டிக் கூட்டமாக வாழும் பிராணி. ஆனால் அதே வளைக்குள் வேற்று முயல் மூக்கை நீட்டினால் கடித்துத் துரத்துவதும் அதுவேதான். முதல் பாதியை மட்டும் நம்பி, புதிதாக வந்த முயலை நேராகப் பழைய முயலின் கூண்டுக்குள் விட்டால் அரை நிமிடத்தில் ரோமம் பறக்கும். நானும் அப்படி ஒருமுறை திகைத்து நின்றிருக்கிறேன்.

கணக்கு ஒன்றை முதலிலேயே போட்டுவிடலாம். இரண்டு முயல் என்றால் நீங்கள் சேர்த்து வைக்க வேண்டியது ஒரே ஓர் உறவு. மூன்று முயலுக்கு மூன்று. நாலு முயலுக்கு 6. ஐந்துக்கு 10. அந்த ஆறில் ஒன்று கெட்டாலும் மற்ற ஐந்தும் ஆட்டம் காணும். ஒரு மூலையில் நடக்கும் சண்டை, பக்கத்தில் சும்மா படுத்திருந்த முயலையும் உசுப்பிவிடும். மாதக்கணக்கில் ஒன்றையொன்று நக்கிக்கொண்டு கிடந்த ஜோடி, அந்தக் களேபரத்தில் தங்களுக்குள்ளேயே கடித்துக்கொள்வதும் உண்டு. அதனால் கூட்டம் என்று மொத்தமாக யோசிக்காமல், யார் யாரோடு எப்படி இருக்கிறார்கள் என்று ஜோடி ஜோடியாகப் பாருங்கள். ஒரு தாளில் எல்லாப் பெயரையும் எழுதி, இடையில் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் அன்றைய நிலவரத்தைக் குறித்து வைப்பது என் வழக்கம். வீட்டில் சிரித்தார்கள். ஆனால் மூன்றாவது வாரத்தில் யார் யாரைத் துரத்தியது என்பது யாருக்கும் நினைவில் இருக்காது, தாளில் இருக்கும்.

எத்தனை, யார் யார்

புதிதாக ஆரம்பிப்பவர் முதலில் ஒரு ஜோடியோடு பழகுவது நல்லது. ஆண் ஒன்று, பெண் ஒன்று, இரண்டுக்கும் கருத்தடை அறுவை முடிந்திருக்க வேண்டும். எளிதில் கூடும் சேர்க்கை இதுதான். இரண்டு பெண்களும் கூடும், இரண்டு ஆண்களும் கூடும், ஆனால் பொறுமை அதிகம் வேண்டும். மூன்று முயல் வைத்தால் இரண்டு ஒட்டிக்கொண்டு, மூன்றாவது ஓரமாக நிற்கும் வாய்ப்பு உண்டு. நாலில் அந்த ஒதுங்கல் சற்றுக் குறையும், அதற்குப் பதிலாக மேலே சொன்ன கணக்கு ஏறிவிடும்.

இனம், நிறம், அளவு இதெல்லாம் பெரிதில்லை. குணம்தான் பெரிது. உணவுத் தட்டுக்குப் பக்கத்தில் உங்கள் கை வந்தால் உறுமிப் பாய்கிற முயல், தன் இடத்தை விட்டுக்கொடுக்காத ரகம். ஒரு கூட்டத்தில் அப்படி ஒன்று இருக்கலாம். இரண்டு இருந்தால் உங்களுக்கு நீண்ட வேலை காத்திருக்கிறது.

'கூடப் பிறந்ததுதானே, சண்டை வராது' என்று சொல்வார்கள். குட்டியாக இருக்கும்வரை வராது. 3 முதல் 6 மாதத்துக்குள் பருவம் வந்ததும் அண்ணன் தம்பி, தாய் மகள் என்ற கணக்கெல்லாம் முயலுக்குக் கிடையாது. சண்டையும் வரும், குட்டியும் வரும். குட்டி ஆணா பெண்ணா என்பதைத் தவறாகச் சொல்லி விற்பது மிகச் சகஜம் என்பதால், "இரண்டும் பெண்" என்று சொல்லி வாங்கியிருந்தாலும் முயல் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

இடத்தையும் இப்போதே அளந்துவிடுங்கள். இரண்டு முயலுக்கே 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும், எப்போதும் திறந்து கிடக்கும் தொடர்ச்சியான இடமாக வேண்டும். நாலு முயலுக்கு இன்னும் அதிகம். சேராமல் போனால் தனித்தனியாக வைக்கவும் இடம் வேண்டும். முயல் 8 முதல் 12 ஆண்டு வரை வாழும். அத்தனை ஆண்டும் இரண்டு வேலி போட்டு வளர்க்க முடியுமா என்ற கேள்விக்குப் பதில் இல்லை என்றால், மூன்றாவது முயலை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

அறுவை முதலில், அறிமுகம் பிறகு

இந்த வரிசையை மாற்றவே கூடாது. கருத்தடை செய்யாத முயல்களைச் சேர்த்து வைக்கும் குறுக்கு வழி எதுவும் இல்லை. ஆணுக்குப் பொதுவாக 3, 4 மாத வயதிலும், பெண்ணுக்கு 4 முதல் 6 மாத வயதிலும் செய்வார்கள். பெண் முயலுக்கு இது கூட்டத்துக்காக மட்டும் இல்லை. அறுவை செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் வருவது மிக அதிகம்.

அறுவை முடிந்த மறுநாளே எல்லாம் அடங்கிவிடாது. ஆணின் உடலில் மிச்சமிருக்கும் விந்தணு, 4 முதல் 6 வாரம் வரை பெண்ணைச் சினைப்படுத்தக் கூடியது. பெண் முயலுக்கு மாதச் சுழற்சி என்று ஒன்று கிடையாது. இணை சேர்ந்ததும்தான் கருமுட்டையே வெளிவரும். ஏறக்குறைய 31 நாளில் குட்டி. குட்டி போட்ட அன்றே மறுபடி சினையாகவும் முடியும். எனவே ஆணுக்கு அறுவை ஆகி முழுதாக 6 வாரம் போகட்டும். பெண்ணுக்குக் காயம் ஆறி, ஹார்மோன் தணிய 8 வாரம் வரைகூட ஆகலாம். இந்த நாட்களை வீணாகப் போகும் நாட்கள் என்று நினைக்க வேண்டாம். அடுத்த இரண்டு வேலைகளும் இதற்குள்தான் நடக்கப் போகின்றன.

புதியது தனியே இருக்கட்டும்

புதிதாக வந்த முயலைக் குறைந்தது 14 நாள் வேறு அறையில் வையுங்கள். காதுக்குள் பழுப்பாகப் பொருக்குத் தட்டுகிறதா, முதுகு ரோமத்தைப் பிரித்தால் பொடுகு நகர்கிறதா (நகரும் பொடுகு என்றால் அது உண்ணி வகை), மூக்கு ஒழுகுகிறதா, முன்னங்கால் உட்புறம் பிசுபிசுப்பாக இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். முயல் தன் மூக்கை முன்னங்காலால்தான் துடைக்கும், அதனால் சளி பிடித்த முயலைக் கால் காட்டிக் கொடுத்துவிடும். புழுக்கையையும் ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுப்பது நல்லது.

தடுப்பூசி கிடைக்கும் இடமாக இருந்தால், சேர்ப்பதற்கு முன்பே எல்லா முயலுக்கும் போட்டுவிடுங்கள். மிக்சோமடோசிஸ், முயல் ரத்தக்கசிவு நோய் இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. ரத்தக்கசிவு நோயின் இரண்டாம் வகை வைரஸ் 2010இல் பிரான்ஸில் கண்டறியப்பட்டது. பழைய வகையில் பிழைத்துக்கொள்ளும் இளங்குட்டிகளையும் அது கொல்லும். துணி, செருப்பு வழியாகவும் பரவும். ஆகவே பழைய முயல்களுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, அப்புறம் புதியதிடம் போங்கள். திரும்பி வந்து கை கழுவி, மேல்சட்டையை மாற்றுங்கள்.

வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

தனிமை நாட்கள் முடிந்த பிறகு, முயல்களைப் பக்கத்துப் பக்கத்து வேலிகளில் வையுங்கள். இரண்டு வேலிக்கும் நடுவில் 5 முதல் 10 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். ஒற்றைக் கம்பிவலை மட்டும் இருந்தால் அதன் வழியாகவே மூக்கு நுனியையோ விரலையோ கடித்து எடுத்துவிடும். உதடு கிழிந்து தையல் போட்ட கதைகள் நிறைய உண்டு.

முயலின் உலகம் வாசனையால் ஆனது. மோவாய்க்கு அடியில் இருக்கும் சுரப்பியை நாற்காலிக் காலில், சுவர் மூலையில், உங்கள் கால்விரலில் தேய்த்து 'இது என்னுடையது' என்று எழுதிவிட்டுப் போகும். அந்த எழுத்து நமக்குத் தெரியாது, அடுத்த முயலுக்குத் தெரியும். சண்டைக்குக் காரணமும் அதுதான், சமாதானத்துக்கு வழியும் அதுதான். முதல் சில நாள் கழிவுத் தட்டுகளை மட்டும் மாற்றி வையுங்கள். அப்புறம் படுக்கும் துணி, பொம்மை. ஒரு வாரம் கழித்து முயல்களையே இடம் மாற்றிவிடுங்கள்: இதன் வேலிக்குள் அது, அதன் வேலிக்குள் இது. முதல் நாள் அடுத்தவன் வேலிக்குள் போன முயல் ஒரு மணி நேரம் எல்லா மூலையையும் முகர்ந்து, மோவாய் தேய்த்து, கோபத்தில் கண்ட இடத்தில் புழுக்கை போடும். ஐந்தாம் நாள் போனதும் நேராகப் புல்லைத் தின்ன உட்காரும். அந்த மாற்றத்துக்காகத்தான் காத்திருக்கிறீர்கள்.

நாலு முயல் என்றால் யார் பக்கத்தில் யார் என்பதையும் 2, 3 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒரு வரிசையில் முதலாவதும் நாலாவதும் முகம் பார்க்காமலே இருந்துவிடக் கூடாது. உலர்புல்லையும் கீரையையும் வேலியோரம் வையுங்கள், எதிரெதிராக உட்கார்ந்து தின்னட்டும். வேலியை ஒட்டி இருபுறமும் காலை நீட்டிப் படுக்கத் தொடங்கினால் அடுத்த படிக்குப் போகலாம். இந்தக் கட்டம் 2 வாரம் பிடிக்கலாம், 2 மாதமும் பிடிக்கலாம். எல்லாரும் அவசரப்படும் இடம் இதுதான். நாலு வாரம் வேலியில் செலவழித்தவர், அறிமுகக் கட்டத்தில் அதைத் திரும்பப் பெறுவார்.

யாருடைய இடமும் இல்லாத இடம்

முதல் சந்திப்பு, எந்த முயலும் இதுவரை காலே வைக்காத இடத்தில் நடக்க வேண்டும். 'காலே வைக்காத' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் மிளகு என்ற பெண் முயலுக்கும் பஞ்சு என்ற ஆணுக்கும் ஒரு சின்ன அறையைத் தயார் செய்தேன். எல்லாம் சரியாக இருந்தது. உள்ளே விட்ட பத்தாவது நொடியில் மிளகு பாய்ந்துவிட்டது. பிறகுதான் ஞாபகம் வந்தது: இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மாலை, கதவு திறந்து கிடந்தபோது மிளகு அந்த அறையில் சுற்றியிருக்கிறது. நான் மறந்துவிட்டேன், அது மறக்கவில்லை.

குளியலறை, நடைவழி, பக்கத்து வீட்டு அறை, எதுவும் சரிதான். தரை வழுக்கக் கூடாது. வழுக்கும் தரையில் முயல் பயந்துவிடும், ஓடும்போது இடுப்பும் முதுகும் அடிபடும். பழைய விரிப்பு ஒன்றைப் போடுங்கள், ஆனால் முயல்கள் படுத்த விரிப்பாக இருக்கக் கூடாது. இரண்டு முயலுக்கு 1 மீட்டருக்கு 2 மீட்டர் அளவு போதும். இன்னும் சிறிதாக இருந்தால் தப்பிக்க இடமிருக்காது, பெரிதாக இருந்தால் துரத்தல் நீளும். அட்டைப்பெட்டி வைத்தால் இருபுறமும் வாசல் வெட்டுங்கள். ஒரே வாசல் உள்ள பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட முயலுக்குக் கடிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. உலர்புல்லை ஒரே குவியலாக வைக்காமல் முயலின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாகப் பரப்பி வையுங்கள். பழம் மாதிரிப் பிரியமான தீனி எதுவும் வேண்டாம், அதற்கே அடிதடி வரும்.

உங்கள் கையில் அடுப்படிக் கையுறை, பக்கத்தில் ஒரு தடித்த துண்டு, ஒரு குப்பை முறம். இந்த மூன்றும் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். முறம் எதற்கு என்று சண்டை மூளும்போது தெரியும்.

நேரமும் முக்கியம். முயல் விடியற்காலையிலும் அந்தியிலும்தான் துறுதுறுவென்று இருக்கும். நடுப்பகலில் தூங்கி வழியும். அந்தத் தூக்க நேரத்தில் சந்திக்க வையுங்கள்.

முதல் பதினைந்து நிமிடம்

இரண்டையும் ஒரே நேரத்தில், எதிரெதிர் முனையில் இறக்கிவிடுங்கள். நீங்களும் உள்ளே தரையில் உட்காருங்கள். பேசாமல் இருப்பது நல்லது.

பெரும்பாலும் முதலில் ஒன்றுமே நடக்காது. ஒன்று மூலையை முகரும், மற்றொன்று முதுகைக் காட்டி உட்கார்ந்து முகம் கழுவும். பார்க்கிறவருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் இதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. எதிரி பக்கத்தில் இருக்கிறான் என்று நினைக்கும் முயல் கண்ணை மறைத்து முகம் கழுவாது. பிறகு ஒன்று மெல்ல நெருங்கி, கழுத்தை நீட்டி, பின்னங்கால்களை அங்கேயே ஊன்றியபடி மற்றதன் பின்பக்கத்தை முகரும். சட்டென்று பின்வாங்கும். மறுபடி வரும்.

அப்புறம் ஏறுதல் தொடங்கும். அறுவை ஆன முயல்களும் ஏறும், பெண்ணும் ஏறும். இது இணை சேர்வதற்காக இல்லை, யார் மூத்தவர் என்று தீர்மானிக்கிற வேலை. கீழே இருப்பது அசையாமல் பொறுத்துக்கொண்டால் 10, 15 நொடி விட்டுவிடுங்கள், பிறகு மெதுவாக இறக்கிவிடுங்கள். கீழே இருப்பது பதறித் திரும்பினாலோ, ஓட முடியாமல் தவித்தாலோ உடனே இறக்குங்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஒரு நொடிகூட விடக் கூடாது. தலைகீழாக, அதாவது முகத்தின் மேல் ஏறுவது. கீழே இருப்பதன் வாய்க்கு நேரே மேலே இருப்பதன் பிறப்புறுப்பு இருக்கும். அங்கே கடிபட்டால் காயம் மிக மோசமாக இருக்கும்.

சின்னத் துரத்தல், ஒரு கொத்து ரோமம் பிடுங்குதல், பின்புறத்தில் லேசாகக் கிள்ளுவது போன்ற கடி, இவையெல்லாம் பேச்சுவார்த்தையில் சேர்த்தி. தரையில் ரோமம் கிடப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். துரத்தப்படுவது கொஞ்ச தூரம் ஓடி நின்று, துரத்துவதும் நின்றுவிட்டால் தீர்ந்தது. நிற்காமல் மூன்று சுற்று, நாலு சுற்று என்று போனால் நடுவே கையுறையை வையுங்கள்.

காதைப் பாருங்கள், வாலைப் பாருங்கள். காது முதுகோடு ஒட்டிப் படுத்து, மோவாய் முன்னே நீண்டு, வால் விறைத்து மேலே நின்றால் பாயப் போகிறது என்று பொருள். இரண்டும் ஒன்றின் வாலை ஒன்று முகர்வது போல வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தால் காத்திருக்காதீர்கள். அந்த வட்டம் இரண்டு மூன்று நொடியில் பம்பரமாகி, இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு உருளும். அப்போது எது தலை, எது கால் என்றே தெரியாது.

இன்னொரு காட்சியும் வரும், புதியவர்கள் இதைத் தப்பாகப் படிப்பார்கள். ஒரு முயல் இன்னொன்றின் முகத்துக்கு முன்னால் தலையைத் தரையோடு தாழ்த்தி அப்படியே உட்கார்ந்திருக்கும். பணிந்துபோகிறது என்று தோன்றும். உண்மையில் "என் நெற்றியை நக்கு" என்று கேட்கிறது. கேட்கிற கேள்வி அல்ல, பாதி உத்தரவு. மற்றதும் தலையைத் தாழ்த்தினால் இரண்டும் நக்கச் சொல்லிக் காத்திருக்கும், யாரும் நக்க மாட்டார்கள். ஐந்து நிமிடம் இப்படி நெற்றியோடு நெற்றி முட்டிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். இந்த நேரத்தில் இரண்டின் நெற்றியையும் உங்கள் விரலால் மாறி மாறித் தடவிக்கொடுங்கள். மற்றது நக்குகிறது என்று நினைத்துக்கொள்ளும் என்பார்கள். நினைக்கிறதோ இல்லையோ, இரண்டும் தணியும். நெற்றியில் வாழைப்பழத்தைத் தடவி நக்க வைக்கும் யுக்தியையும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நக்க வந்தது கடித்துப் பார்க்கவும் செய்யும்.

முதல் நாள் 10, 15 நிமிடம் போதும். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே முடித்துவிடுங்கள். சண்டையில் முடிந்த சந்திப்பு அடுத்த சந்திப்பைக் கெடுக்கும்.

சண்டை மூண்டால்

வெறுங்கையை நடுவில் நீட்டாதீர்கள். என் வலது கட்டைவிரலில் இப்போதும் ஒரு பிறை வடிவத் தழும்பு இருக்கிறது. அந்த வேகத்தில் முயலுக்கு உங்கள் கை என்று தெரியாது. முறத்தை இரண்டுக்கும் நடுவே செருகுங்கள், இல்லையென்றால் துண்டை மேலே போட்டு ஒன்றை அமுக்குங்கள். கத்துவது உதவாது. தண்ணீர் அடிப்பதும் எனக்குப் பிடிக்காது, காதுக்குள் போகும்.

பிரித்த பிறகு ஒவ்வொன்றையும் தனியே மடியில் வைத்து, ரோமத்தை எதிர்த் திசையில் ஊதிப் பிரித்துத் தோலைப் பாருங்கள். காது, கண்ணிமை, மோவாய், வயிறு, பிறப்புறுப்பு, பாதம். முயல் வலியை மறைக்கும் பிராணி, கத்தாது. கடித்த ஓட்டை ஊசிமுனை அளவே இருக்கும், ஒரு வாரத்தில் அதன் அடியில் கோலிக்குண்டு மாதிரி சீழ்க்கட்டி எழும். முயலின் சீழ் பற்பசை போலக் கெட்டியாக இருக்கும், தானாக வடியாது. அதனால் சின்ன ஓட்டை என்றாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ரத்தம் வந்த சண்டை என்றால் சில நாள் அல்ல, சில வாரம் வேலிக் கட்டத்துக்கே திரும்பிப் போக வேண்டும்.

அதிர்ச்சியில் சில முயல்கள் தின்பதை நிறுத்திவிடும். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியது. 12 மணி நேரம் எதுவும் தின்னவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் அது அவசரம், காலை வரை பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

இரண்டிலிருந்து நாலுக்கு

ஜோடியைச் சேர்க்கும் முறை இதுவரை சொன்னது: நாள்தோறும் சந்திப்பு, 15 நிமிடம், அரை மணி, ஒரு மணி, பிறகு பாதி நாள். கூட்டத்துக்கு வரும்போது ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட ஜோடியோடு புதியதை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதா, எல்லாரையும் ஒன்றாக இறக்குவதா?

நான் செய்வது இரண்டுக்கும் நடுவில். முதலில் எல்லாக் கோடுகளையும் தனித்தனியே சோதித்துப் பார்ப்பேன். நாலு முயல் என்றால் ஆறு ஜோடி, ஒவ்வொரு ஜோடிக்கும் பொது இடத்தில் இரண்டு மூன்று குறுகிய சந்திப்பு. அதில் எந்தக் கோடு பலவீனம் என்று தெரிந்துவிடும். எங்கள் வீட்டு நாலு முயல்களான மிளகு, பஞ்சு, குண்டன், சாம்பல் ஆகியவற்றில் மிளகும் குண்டனும் பலவீனமான கோடு. மற்ற ஐந்தும் பரவாயில்லை. அந்த ஒரு கோட்டை மட்டும் இன்னும் இரண்டு வாரம் வேலியிலும் சந்திப்பிலும் பழக்கினேன். பிறகுதான் நாலையும் ஒரே நேரத்தில், யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் இறக்கியது. ஜோடி இருக்கும் இடத்துக்குள் புதியவரை அனுப்பினால் அது படையெடுப்பு. நாலு பேரும் ஒரே நேரத்தில் அந்நிய இடத்துக்கு வந்தால் எல்லாருமே விருந்தாளி.

ஜோடியை வைத்திருப்பவர் ஒன்றைத் தெரிந்துதான் இறங்க வேண்டும்: மூன்றாவதைச் சேர்க்கும் முயற்சியில், இருந்த ஜோடியே உடைந்துபோகலாம். நல்ல ஜோடி ஒன்று நிம்மதியாக இருக்கிறது, எனக்கு மட்டும்தான் இன்னொரு முயல் மேல் ஆசை என்றால், அந்த ஆசையைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

நாலு முயல் இறங்கும் நாளில் இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும். ஒருவர் ஒரு மூலையைப் பார்க்கும்போது எதிர்மூலையில் வேலை நடந்துவிடும். இடம் ஜோடிக்கு வைத்ததைப் போல இருமடங்கு. முதல் அரை மணியில் ஏறுதலும் துரத்தலும் சங்கிலியாக நடக்கும்: மிளகு குண்டனைத் துரத்தும், குண்டன் அந்த எரிச்சலில் பஞ்சுவைத் துரத்தும், பஞ்சு ஒன்றும் புரியாமல் சாம்பல் மேல் ஏறும். இந்தச் சங்கிலியின் தலையைப் பிடித்து நிறுத்துங்கள், வாலை அல்ல. மூன்று முயல் சேர்ந்து ஒன்றையே குறிவைப்பது மட்டும் தொடர்ந்து நடந்தால் அன்றைக்கு முடித்துவிடுங்கள்.

வண்டியில் வைத்துச் சுற்றினால், பயத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு வழியைச் சொல்வார்கள். ஒட்டிக்கொள்ளும், உண்மை. பயத்தில் உறைந்த முயல் பக்கத்தில் எது கிடைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். பயம் போனதும் அந்த ஒட்டுதலும் போய்விடும். பயத்தில் குடல் நின்றுபோகும் ஆபத்து வேறு. நான் செய்ய மாட்டேன்.

ஒன்றாக முதல் இரவு

சந்திப்புகள் பல மணி நேரத்துக்கு நீண்டு, யாரும் யாரையும் கண்டுகொள்ளாமல் தின்று, படுத்து, ஒன்றையொன்று நக்கத் தொடங்கிய பிறகு பொது இடத்திலேயே ஒரு இரவைக் கழிக்க வைக்க வேண்டும். அந்த இரவு நீங்களும் பக்கத்தில் படுங்கள். பாய் போட்டுப் படுத்தால், விடியற்காலை 4 மணிக்குத் திபுதிபுவென்று ஓட்டம் கேட்கும். எழுந்து விளக்கைப் போடுங்கள், பெரும்பாலும் அது விளையாட்டோட்டமாகத்தான் இருக்கும், துள்ளிக் காற்றில் திரும்பும். தரையைப் பின்னங்காலால் தட்டினால் மட்டும் ஏதோ பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

48 மணி நேரம் சண்டையில்லாமல் கழிந்து, எல்லாரும் ஒருமுறையாவது இன்னொருவர் மேல் சாய்ந்து படுத்தார்கள் என்றால் சேர்ந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் "பாவம், சின்ன இடம்" என்று பிரித்துத் தனித்தனி வேலிக்குத் திரும்ப அனுப்பாதீர்கள். இந்தக் கட்டத்தில் பிரித்தால் பாதி வேலை அழிந்துபோகும்.

இனி நிரந்தர இடம். அதைப் பழைய வாசனை இல்லாமல் கழுவ வேண்டும். தண்ணீரில் வினிகர் கலந்து தரை, சுவரின் கீழ்ப்பகுதி, கம்பி எல்லாம் துடைத்து உலர விடுங்கள். தட்டு, பெட்டி, விரிப்பு, எல்லாம் இடம் மாற்றி வையுங்கள், முடிந்தால் புதியவை வாங்குங்கள். பழைய முயல் போய் நிற்கும் மூலையில் வேறு ஒரு பொருள் இருக்கட்டும். முதல் நாள் அந்த இடத்தில் பாதியை வேலி போட்டு மறைத்துவிட்டு, சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். இடம் திடீரென்று பெரிதானால் 'இந்த மூலை என்னுடையது' மறுபடி ஆரம்பிக்கும். அப்படி ஆரம்பித்தால் வேலியை ஒரு படி பின்னுக்கு நகர்த்தினால் போதும்.

கூட்டம் ஆன பிறகு

சேர்ந்த முயல்களை ஒரு நாள்கூடப் பிரிக்காமல் இருப்பதே நல்லது. ஒன்றுக்கு உடம்பு சரியில்லை என்று மருத்துவரிடம் போனால் ஒரு துணையையாவது கூடவே கொண்டுபோங்கள். ஒருமுறை சாம்பலை மட்டும் பல் பார்க்க அழைத்துப்போனேன். திரும்பி வந்ததும் அதன் மேல் மருந்து வாசனை, அன்னிய மேசை வாசனை. மிளகு முகர்ந்து பார்த்துவிட்டு வேற்று முயல் என்றே முடிவு கட்டியது. இரண்டு நாள் வேலி போட வேண்டியிருந்தது. இப்போது நாலில் ஒன்றுக்கு ஊசி என்றாலும் நாலும் போகின்றன, இரண்டு பெட்டியில்.

வசந்த காலத்தில், பகல் நீளத் தொடங்கும்போது, அறுவை ஆன முயல்களும் சில நாள் முறைத்துக்கொள்ளும், ஏறும். சின்னச் சச்சரவாக இருக்கும்வரை கண்டுகொள்ளாதீர்கள். ஆனால் காரணமே இல்லாமல், வழக்கமாக அமைதியாக இருக்கும் முயல் கடிக்க ஆரம்பித்தால் முதலில் உடம்பைச் சந்தேகியுங்கள். பல், மூட்டு, சிறுநீர்ப்பை, ஏதோ ஒன்று வலிக்கிறது.

எத்தனை மாதம் முயன்றாலும் சில முயல்கள் சேராது. ஆறு கோட்டில் ஐந்து சரியாகி ஒன்று மட்டும் ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் முடிகிறது என்றால், கூட்டத்தை இரண்டு ஜோடியாகப் பிரித்துப் பக்கத்துப் பக்கத்து இரட்டை வேலியில் வைத்துவிடுங்கள். கம்பிக்கு இருபுறமும் படுத்துக்கொண்டே காலம் கழிக்கும் முயல்கள் உண்டு, அவற்றுக்கு அதில் குறை இருப்பதாகத் தெரியவில்லை.

ஒன்று இறந்துபோனால், உடலை உடனே எடுத்துவிடாதீர்கள். மற்றவை முகர்ந்து பார்க்கட்டும், சில மணி நேரம் பக்கத்திலேயே இருக்கட்டும். தொற்றுநோய் என்று சந்தேகம் இருந்தால் மட்டும் இது வேண்டாம். இறந்தது மூத்தது என்றால் மிச்சமிருப்பவர்களுக்குள் வரிசை மாறும், ஏறுதலும் துரத்தலும் மறுபடி வரும். அந்த வாரம் முழுக்கத் தினமும் காலையில் தட்டைத் தூக்கி, புழுக்கை வழக்கமான அளவிலும் எண்ணிக்கையிலும் இருக்கிறதா என்று பாருங்கள். சிறுத்தோ குறைந்தோ இருந்தால், யார் தின்னவில்லை என்று கண்டுபிடிக்கும்வரை பக்கத்திலேயே உட்காருங்கள்.